குரலறுக்கப்பட்ட கோவேறு கழுதைகளும் அப்பாவின் சத்தியமும்

சென்ற ஆண்டு கார்த்திகையில் அப்பாவை எடுத்த அன்று யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். இராஜாக்கமங்கலத்திலிருந்து அத்தையும் மாமாவும் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். கருங்கல் சந்தையில் அப்பாவோடு சுமை தூக்கிய நான்கு பேர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். ஊர்த்தலைவர் வந்து, வேலியோரத்தில் சிறிது நேரம் நின்று, நீட்டிய வெற்றிலையைத் தொடாமல் போனார். அவ்வளவுதான். எங்கள் ஊரில் அறுபது வீடுகள் இருக்கின்றன. அப்பாவோடு ஒரே வயிற்றில் பிறந்து, அடுத்த வீட்டில் குடியிருக்கும் சித்தப்பா வரவில்லை. அவர் வீட்டு மாடு கத்துவது மட்டும் எங்கள் ஒப்பாரிக்கு நடுவே கேட்டுக்கொண்டிருந்தது.

இறந்தவரைக் குளிப்பாட்டக் குடும்பக் கிணற்றிலிருந்து மகன் நீர்மாலை எடுத்து வருவது நம் வழக்கம். எங்கள் குடும்பக் கிணறு வீட்டிலிருந்து இருபது அடி தூரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிச் சித்தப்பா எழுப்பிய கல் மதிலும் இருக்கிறது. நான் தலையில் ஈரத்துணியோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்த மதிலைச் சுற்றி நடந்து, அரை மைல் தள்ளியிருக்கும் குளத்துக்குப் போனேன். அன்று காலையில் யாரோ எருமைகளை இறக்கியிருந்தார்கள். தண்ணீர் தெளியும்வரை காத்திருக்க நேரமில்லை. அந்தக் கலங்கல் தண்ணீரில்தான் அப்பா கடைசியாகக் குளித்தார்.

அந்த ஒரு குடத்தை நான் மறக்கவில்லை. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் மறக்கக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். இறந்தவரின் நற்குணங்களைச் சொல்லி, உதவியவர்களுக்கு நன்றி கூறி முடிப்பதுதான் இப்படிப்பட்ட மலர்களுக்கு மரியாதை. அந்த மரியாதையில் குறை வைக்க மாட்டேன். ஆனால் குணத்தைச் சொன்னால், அந்தக் குணத்துக்கு ஊர் என்ன கூலி கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா இப்போது நாங்கள் இருக்கும் இதே வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தின் படியை மிதித்தவரல்லர். ஆயுள் முழுவதும் கைநாட்டுத்தான். தாத்தாவிடமிருந்து இரண்டு பொதிமாடுகளும், கடற்கரையிலிருந்து கருவாடும் உப்பும் ஏற்றிக் கருங்கல் சந்தைக்குக் கொண்டுபோகும் தொழிலும் அவருக்கு வந்தன. மாட்டின் முதுகில் இருபுறமும் தொங்கும் சுமை ஒத்த எடையாக இருக்கிறதா என்று தராசில்லாமல், முழங்கையால் தாங்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். விலங்கை அடித்ததில்லை. மாடு நின்றுவிட்டால் அதற்கு முன்னால் போய் நின்று, நாக்கால் "ச்சொ ச்சொ" என்று ஒலியெழுப்புவார். அது என்ன மந்திரமோ, மாடு நகர்ந்துவிடும்.

அந்த இரண்டு மாடுகளும் ஒரே வாரத்தில் நோயில் செத்து விழுந்தன. அது ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்திருந்த காலம். பொதிவிலங்கு ஓட்டத் தெரிந்தவர்கள் பட்டாளத்துக்கு வேண்டும் என்று தக்கலையில் ஆள் எடுப்பதாகச் சந்தையில் பேச்சு. அம்மா அழுதார்கள். அப்பா, "நான் சுடவா போறேன்? கழுதை மேய்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கிணற்றிலும் தோட்டத்திலும் தம் பாதியைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்து, "திரும்பி வாறவரை பாத்துக்கோ" என்றார். அப்போது எழுத்து ஒன்றும் இல்லை. அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று நினைத்திருக்கிறார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அது ஒன்றுதான். பத்திரங்களை நகலெடுத்துப் பிழைக்கும் நான் இன்று அதைச் சொல்வது எளிது.

சண்டை முடிந்து அப்பா திரும்பியபோது எனக்குப் பதினோரு வயது. உடம்பில் பாதியாகியிருந்தார். மாதம் ஒருமுறை குளிர்க்காய்ச்சல் வரும். காய்ச்சல் இல்லாத நாட்களில் பேசுவார். அவர் பேசியவைதாம் பிற்பாடு எங்கள் குடியைக் கெடுத்தவை. ஆகவே அவற்றை அவர் சொன்னபடியே இங்கே அச்சிடுகிறேன்.

"ஜப்பான்காரனுக்கப் பொறத்தால, நடுக்காட்டுல கொண்டு எறக்கி விடுவானுவ, மக்கா. அங்கன லாரி போவாது. கழுதை மட்டுந்தான் போவும். ஆனா ஒரு கழுதை ஒருக்கா கத்திச்சுன்னா போச்சு, அவ்வளவு பேரு தலையும் போவும். அதுனால காட்டுக்குப் போறதுக்கு முன்ன, ஒவ்வொண்ணையும் மயக்கம் குடுத்துப் படுக்க வச்சு, தொண்டைக்குள்ள கத்தி விட்டு, கத்துத நரம்பை அறுத்து எடுத்தானுவ. தலையை நான் பிடிச்சிருந்தேன். மயக்கம் தெளிஞ்சு எந்திரிச்சு, வாயைத் தொறந்துது. காத்து மட்டுந்தான் வந்துது. அது திரும்பி என்னைப் பாத்துது. நான்தான் என்னமோ செஞ்சுட்டேன் எண்ணு நெனச்சிருக்கும்."

இது முதல் கதை. அப்பா கழுதை என்றது பட்டாளத்துக் கோவேறு கழுதையை. இரண்டாவது, கழுதைகள் விமானத்தில் பறந்த கதை. விமானத்தின் வயிற்றுக்குள் மூங்கிலால் தொழுவம் அடித்து, கழுதையை ஏற்றி, அதன் தலையருகே ஓட்டுகிறவரை நிற்க வைத்தார்களாம். நடுவானத்தில் கழுதை மிரண்டு உதைக்கத் தொடங்கினால் சுட்டுவிட வேண்டும் என்று உத்தரவு. அப்பா கையில் வறுத்த கடலையை வைத்துக்கொண்டு வழி முழுவதும் "ச்சொ ச்சொ" என்று சொல்லிக்கொண்டே போனாராம். அவர் கூடப் போன கழுதைகளில் ஒன்றைக்கூடச் சுட வேண்டி வரவில்லை என்பதை மட்டும் கொஞ்சம் பெருமையோடு சொல்வார்.

மூன்றாவது, பட்டுத்துணி கிடைக்காமற்போகச் சாக்குத் தைக்கும் சணலிலேயே பாராசூட் தைத்து அரிசியைக் கீழே போட்ட கதை. நான்காவது, மழையில் சேறான பாதையில் தாரில் முக்கிய சணல் துணியை வரிசையாகப் போட்டு அதன்மேல் லாரி ஓட்டிய கதை. "பாய் விரிச்ச மாதிரி ரோட்டை விரிச்சானுவ" என்பார்.

ஐந்தாவது சின்னக் கதை. காய்ச்சலில் ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் ஒரு கரண்டி எண்ணெய் கொடுத்தார்களாம். "மூக்குக்கிட்ட கொண்டு வந்ததும் தெரிஞ்சுபோச்சு. நம்ம கடப்பொறத்து நாத்தம்! சுறா ஈரல் எண்ணெய். அங்கன அவ்வளவு தூரத்துல, நம்ம ராஜாக்கமங்கலத்துச் சுறா என்னைத் தேடி வந்திருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார்.

இவற்றைக் கருங்கல் சாயாக்கடையிலும் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள்.

"ஓய், கழுதை பறக்கும்போ சாணி போட்டுதா? கீழ நின்னவன் தலையில விழுந்திருக்குமே!"

"குரலறுத்த கழுதை வேண்டாம் ஓய், எனக்கப் பெண்டாட்டிக்கு அந்த ஆப்பரேசன் எங்க பண்ணுவானுவ, அதைச் சொல்லும்!"

அப்பாவும் கூடவே சிரித்தார். அவருக்குப் பகடியைப் பகடியாகவே எடுத்துக்கொள்ளும் மனம் இருந்தது. அது பகடியாக நிற்காது என்பது அவருக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்த அடுத்த ஆண்டில், கிணற்றிலும் தோட்டத்திலும் தம் பாதியை அப்பா கேட்டார். "நீ பட்டாளத்துக்குப் போம்போ பணம் வாங்கிட்டு எனக்குத்தானே விட்டுத் தந்த, அண்ணே" என்றார் சித்தப்பா. வழக்கு ஊர்க்கூட்டத்துக்குப் போனது. எழுத்தில்லாத வழக்குக்கு நம் ஊரில் ஒரு முறை உண்டு. அம்மன் கோயில் விளக்கைக் கையில் ஏந்தி, கேட்கிறவர் முதலில் சத்தியம் செய்ய வேண்டும், பிறகு மறுக்கிறவர். விளக்கைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல எவருக்கும் துணிவு வராது என்பது நம்பிக்கை. அதோடு ஒரு விதியும் உண்டு. பொய் பேசுகிறவர் என்று சபை தீர்மானித்தவரின் கையில் விளக்கைக் கொடுக்கமாட்டார்கள். கேட்கிறவருக்கு விளக்கு இல்லையென்றால், மறுக்கிறவர் சத்தியம் செய்ய வேண்டியதும் இல்லை, பொருள் அவருக்கே.

சித்தப்பா இந்த விதியை நன்றாகப் படித்துக்கொண்டு வந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்தான், ஆனாலும் படித்திருந்தார்.

நான் அன்று அம்மாவின் பக்கத்தில் நின்று கேட்டதை எழுதுகிறேன்.

"தலைவரே, வெளக்கு குடுக்கதுக்கு முன்ன ஒரு கேள்வி" என்றார் சித்தப்பா. "அண்ணே, கழுதைக்குத் தொண்டையை அறுத்து ஊமையாக்கினானுவ எண்ணு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அது ஆகாசத்துல பறந்துது எண்ணு?"

"பறந்துது. உள்ளதுதானே."

சபை சிரித்தது. தலைவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கெட்டவரல்லர். சமாதானமாகவே சொன்னார்: "ஏய், இஞ்ச பாரு. வெளையாட்டுக்குச் சொன்னேன் எண்ணு ஒரு வார்த்தை சொல்லு. வெளக்கைத் தாறேன். காரியம் முடிஞ்சுது."

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் கிணறு எங்களுடையது. அப்பா சபையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "ஏலே தம்பி, மத்ததை விடு. சுறா ஈரல் எண்ணெய் பட்டாளத்துக்குப் போச்சு எண்ணு நான் சொன்னது ஒனக்குத் தெரியும் இல்லியா? சண்டைக் காலத்துல கடப்பொறத்துல ஈரல் வாங்கி ஏசண்டுக்குக் குடுத்தது நீதானே? அது ஒண்ணையாவது உள்ளது எண்ணு சொல்லு. மிச்சம் நான் பாத்துக்கிடுதேன்."

சித்தப்பா சொன்ன பதில்: "ஈரல் வித்தேன். அது வெளக்கெரிக்கவா தோல் பதமிடவா, எனக்கு என்ன தெரியும்? பட்டாளத்துக்காரன் சுறா திங்கியானாம்! கேட்டியளா?"

மறுபடியும் சிரிப்பு.

தலைவர் கடைசியாக ஒருமுறை கேட்டார். அப்பா சொன்னது எனக்கு எழுத்தெழுத்தாக நினைவிருக்கிறது: "அதுவளால கத்த ஒக்காது, தலைவரே. கத்துததுக்கு வழியில்லாம ஆக்கினப்போ தலையைப் பிடிச்சவன் நான். எனக்கு வாய் இருக்கு. நானும் அப்படி ஒண்ணு நடக்கலை எண்ணு சொன்னா, பின்ன அதுவளுக்கு யாரு இருக்கா?"

விளக்கு கொடுக்கப்படவில்லை. சபையில் பொய் பேசிப் பிடிவாதம் பிடித்ததற்காக சமஸ்தானக் காசில் இருபத்தெட்டுச் சக்கரம் தண்டமும் போட்டார்கள். அப்பா மடியை அவிழ்த்து எண்ணி வைத்துவிட்டு வந்தார். ஒரு மாதத்தில் மதில் எழும்பியது.

அதன்பிறகு ஒன்பது ஆண்டுகள் அம்மா குளத்துக்கு நடந்தார்கள். கோடைக்காலத்தில் சில காலைகளில் மதிலின் மேல் ஒரு குடம் நிறையத் தண்ணீர் இருக்கும். சித்தி வைத்தது. அம்மா அதை எடுத்து வாழை மூட்டில் ஊற்றிவிட்டு, வெறும் குடத்தை மறுபடி மதில்மேல் வைத்துவிடுவார்கள். "அவ நல்லவதான். தண்ணிதான் நல்லது இல்ல" என்பார்கள். அப்பாவுக்குப் பொதிமாடு வாங்க வழியில்லை. கருங்கல் சந்தையில் மூட்டை தூக்கினார். அவர் தெருவில் நடக்கும்போது பிள்ளைகள் வாயைத் திறந்து சத்தமில்லாமல் கத்திக் காட்டுவார்கள். பெற்றவர்கள் தடுக்கவில்லை. எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் இப்போது வளர்ந்திருக்கிறார்கள். இந்த மலரைத் தங்கள் தாய் தந்தையருக்கு வாசித்துக் காட்டப்போகிறவர்களும் அவர்கள்தாம்.

ஊரை எழுதிவிட்டு என்னை விட்டுவிட்டால் அது நியாயமாகாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். மூட்டை தூக்கிய கூலியில்தான் எனக்குப் புத்தகம் வந்தது. எட்டாம் வகுப்பில் ஒருநாள் வாத்தியாரிடம் கேட்டேன். விலங்கின் குரலை அறுத்தால் அது செத்துப்போகும், அப்படி ஒரு சிகிச்சையே கிடையாது என்றார். நான் வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் சொன்னேன். "வாத்தியாரே சொல்லிட்டாரு, இனிமே யாருகிட்டயும் சொல்லாதேங்க, எனக்கு நாணமா இருக்கு" என்றும் சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. "செரி மக்கா" என்றார். அன்றிலிருந்து சொல்லவில்லை. சாகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஊர் சிரித்து அடக்க முடியாத வாயை நான் அடைத்தேன். இதற்கு யாரிடம் போய்ப் பழிதீர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அச்சில் போட்டுவிடுகிறேன்.

கடைசிக் காய்ச்சல் பதினொரு நாள் இருந்தது. மண்ணீரல் வீங்கி வயிறு கல்லாகிவிட்டது. நினைவு தப்பிய பிறகு அப்பா கையை நீட்டி எதையோ பிடித்துக்கொண்டு "ச்சொ ச்சொ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு நாட்கள் அந்த ஒலியும் நின்றுபோனது. வாயைத் திறப்பார், காற்று மட்டும் வரும். அப்போதுதான் அவர் சொன்னது முழுவதும் உண்மை என்று எனக்குப் பட்டது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

பதினாறாம் நாள் கழிந்ததும் தேடத் தொடங்கினேன். ராணுவ ஆவணக் காரியாலயத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். அப்பாவின் பெயர், கழுதை ஓட்டும் வேலை, நன்னடத்தை என்று மூன்று வரியில் பதில் வந்தது. கழுதைகளைப் பற்றி அவர்களிடம் ஒரு வரி இல்லை. பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கேட்டேன். பத்து மாதம். கடைசியில் தக்கலையில், நான் வேலை பார்க்கும் இடத்துக்கு மூன்று தெரு தள்ளியே ஒருவர் அகப்பட்டார். மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்ற ஞானமுத்து சார். சண்டையில் ராணுவத்தின் விலங்கு வைத்தியப் பிரிவில் இருந்தவர்.

கழுதை என்று நான் தொடங்கியதுமே அவர் கையிலிருந்த சாயாவைக் கீழே வைத்தார்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"அப்பா சொன்னாங்க."

"அப்பா எங்க?"

சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நான் கத்தி பிடிக்கலை மோனே. கத்தி பிடிச்ச டாக்டருக்கு வெளக்கு பிடிச்சவன். முதல்ல எண்ணிக்கிட்டிருந்தேன். பின்ன எண்ணதை விட்டுட்டேன். இஞ்ச வந்து பெண்டாட்டிகிட்ட சொன்னேன், நம்பலை. அதுக்கப்புறம் நான் வாயே தொறக்கலை" என்றார். அவர் வாய் திறக்காததற்கு ஊர் அவருக்குப் பென்ஷனும் மரியாதையும் கொடுத்திருக்கிறது. வாய் திறந்த அப்பாவுக்குக் கொடுத்தது வேறு.

இரண்டாவது சாட்சி ஒன்பது ஆண்டுகளாக என் கண்முன்னேயே இருந்தது. சித்தப்பாவின் மாட்டுத்தொழுவத்துக்குக் கதவு, ஒரு பெரிய தகரப் பீப்பாயை வெட்டி விரித்து அடித்தது. அதில் எப்போதும் வரட்டி தட்டியிருப்பார்கள். இந்த ஐப்பசி மழையில் வரட்டி கரைந்து விழுந்தபோது, தலைகீழாக ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. மதிலுக்கு இப்பால் நின்று, கழுத்தைத் திருப்பி வாசித்தேன். வாசித்துவிட்டு நேராகத் தலைவர் வீட்டுக்குப் போய், கூட்டம் கூட்ட வேண்டும் என்றேன்.

கூட்டம் கூடியது. ஞானமுத்து சார் வெள்ளை வேட்டியோடும் பட்டாளத்துப் பதக்கத்தோடும் பஸ்ஸில் வந்து இறங்கினார். அம்மன் கோயில் முன்றிலில் நின்று, தம் தொண்டையில் இரண்டு விரலை வைத்து, எந்த இடத்தில் எப்படி அறுத்தார்கள் என்று காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் மட்டும் விடாமல் கேட்டார்: "அப்போ பறந்ததும் உள்ளதா, சார்?"

"நான் அதுகூட ஒரே விமானத்துல போனவன். வாந்தி எடுத்தது நான்தான். கழுதைக்கு ஒண்ணும் இல்ல."

இப்போது சிரித்தார்கள். ஆனால் அது வேறு சிரிப்பு. அதை அப்பா கேட்டிருக்க வேண்டும்.

"இனி சித்தப்பாவுக்கத் தொழுவத்துக் கதவைக் கொண்டு வரச் சொல்லுங்க" என்றேன். தலைவருக்கு விளங்கவில்லை. இரண்டு பேர் போய்க் கீல் கழற்றிக் கதவைத் தூக்கிவந்து அம்மன் முன்னால் சாய்த்து வைத்தார்கள். ஞானமுத்து சார் குனிந்து, வாசித்து, தமிழில் சொன்னார்: "சுறா ஈரல் எண்ணெய். ராணுவ ஆஸ்பத்திரி உபயோகத்துக்கு மட்டும்."

சித்தப்பா, "எனக்கு வாசிக்கத் தெரியாது. ஏசண்டு தந்த பழைய பீப்பாய். அதுல என்ன எழுதியிருக்கு எண்ணு எனக்கு என்ன தெரியும்?" என்றார். சரியான பதில்தான். தோற்றேன் என்றே நினைத்தேன்.

பெண்கள் பக்கமிருந்து சித்தி எழுந்தார்கள். கூட்டத்தில் அவர்கள் பேசி யாரும் கேட்டதில்லை.

"வாசிக்கத் தெரியாது. செரி. சொல்லத் தெரியுமே? 'பட்டாளத்துக்கு மருந்து, தராம ஒளிச்சு வச்சா போலீசு பிடிக்கும்' எண்ணு சொல்லிச் சொல்லித்தானே கடப்பொறத்து ஆளுவளைப் பேடிப்பிச்சு, பாதி வெலைக்கு ஈரல் வாங்கினிய? ராத்திரி வந்து என்கிட்ட சொல்லிச் சிரிச்சது ஓர்மை இல்லியா?"

அந்த இடத்தில் நான் கேட்டது ஒன்றுதான். "அன்னைக்கு அப்பாவுக்கு வெளக்கு குடுக்கலை. அதுனால சித்தப்பாவும் எடுக்கலை. இப்போ எடுக்கட்டும். அப்பா பணம் வாங்கினாங்க எண்ணு வெளக்கைப் பிடிச்சு ஒருக்கா சொல்லட்டும். தோட்டமும் கெணறும் அவருக்கே இருக்கட்டும். நான் இந்த ஊரை விட்டே போறேன்."

தலைவர் விளக்கை எடுத்து நீட்டினார். சித்தப்பா விளக்கைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தது. உறவினர்களே, நான் மிகைப்படுத்தவில்லை. அங்கிருந்த அத்தனை பேரும் கண்டது. வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிவிட்டு, கதவைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போனார். அன்று இரவு அவருடைய மாட்டுத்தொழுவம் திறந்தே கிடந்தது.

மறுநாள் தலைவர் முன்னிலையில் மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி திறந்தார்கள். தோட்டத்தில் அப்பாவின் பாதியும் அளந்து விடப்பட்டது. அம்மா போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒம்பது வருசம் நடந்த காலுக்கு இனி இருவதடி நடக்கத் தெரியுமா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். இன்னும் குளத்துக்கே போகிறார்கள். ஆண்டுத் திவசத்துக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கப்போகிறவன் நான். அப்பாவின் உடம்புக்குக் கிடைத்தது குளத்துத் தண்ணீர். அவருடைய படத்துக்குக் கிடைக்கப்போவது கிணற்றுத் தண்ணீர். இதைச் சரியாகிவிட்டது என்று யாராவது என்னிடம் சொன்னால், அவர்களிடம் நான் பேசப்போவதில்லை.

இனி நன்றி. பஸ் செலவுக்குக் காசுகூட வாங்க மறுத்த ஞானமுத்து சாருக்கு. அப்பாவின் பாடையைத் தூக்கிய சந்தைத் தோழர்கள் நால்வருக்கு. காய்ச்சலின் பதினொரு நாளும் மாறி மாறி விழித்திருந்த அத்தைக்கும் மாமாவுக்கும். கெட்ட நேரத்தில் எழுந்து நின்ற சித்திக்கு; அவர்கள் மதில்மேல் வைத்த குடங்களை அம்மா சார்பில் இப்போது பெற்றுக்கொள்கிறேன். நான் எழுதிய ஒரு சொல்லையும் மாற்றாமல் அச்சுக் கோத்த நாகர்கோவில் அச்சகத்தாருக்கு. சித்தப்பாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும்; அந்தத் தகரத்தை அவர் இத்தனை ஆண்டுகள் பத்திரமாகக் காத்திருக்காவிட்டால் இந்த மலரே இல்லை.

இறந்தவர் படம் போட்ட மலரைக் கிழிப்பதோ, எறிவதோ, வேண்டாமென்று திருப்புவதோ நம் ஊரில் கிடையாது. சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைப்பார்கள். ஆகவே அறுபது வீட்டுக்கும் ஒன்று வீதம் அடித்திருக்கிறேன். நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். மாட்டி வையுங்கள். தினமும் விளக்கேற்றும்போது அப்பா உங்களைப் பார்க்கட்டும். சித்தப்பா வீட்டுக்கு மட்டும் இரண்டு. ஒன்று கரையான் அரித்தாலும் இன்னொன்று இருக்கும்.

கடைசியாகத் தண்டப் பணம். அன்று அப்பா எண்ணி வைத்த இருபத்தெட்டுச் சக்கரத்தை ஊர் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டேன். சக்கரம் செல்லாக் காசாகி ஆண்டுகளாகிவிட்டன. தலைவர் ஒரு ரூபாயை நீட்டி, "வச்சுக்கோ மக்கா, கணக்கு பாக்காத" என்றார். நான் பார்த்தேன். நம் பழைய சமஸ்தான சர்க்கார் ரூபாய்க்குத்தான் இருபத்தெட்டுச் சக்கரம். இப்போது செல்லும் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. அப்பாவிடம் எடுத்ததற்கு மேல் ஒரு தம்பிடி எங்களுக்கு வேண்டாம். ரூபாய்க்குப் பதினாறணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை என்று கணக்கிட்டு, மிகுந்த மூன்று பைக் காசை அவர் கையில் திருப்பி வைத்தேன். உண்மை பேசிய ஒரு மனிதரைப் பொய்யர் என்று சொல்லி, ஒன்பது ஆண்டுகள் தண்ணீர் மறுத்து, குளத்துக் கலங்கலில் குளிப்பாட்ட வைத்ததற்கு, அறுபது வீடும் சேர்ந்து எங்கள் ஊருக்கு முடிவில் ஆன செலவு: பதினைந்தணா ஒன்பது பை.